படுக்கையறைக்கு போன் பாயிண்ட் வேண்டாம்

பூச்சு வேலை தொடங்கும் முன்பே எந்த அறைக்கு எந்த வயர் என்று முடிவு செய்துவிட வேண்டும். வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். நான் விடவில்லை.

வெயிலுக்காகச் சுவரிலும் கூரையிலும் உலோகத் தாள் ஒட்டிய பலகைகளைப் பொருத்தினோம். வீடு குளிர்ந்தது. கைபேசி சிக்னல் செத்தது. இனி உள்ளேயிருந்து பேச வைஃபை வேண்டும், இல்லாவிட்டால் லேண்ட்லைன். இரண்டையும் என் வேலையறையில் வைத்தேன். அதைப் பூட்டிவிட்டு அலுவலகம் போவது என் பழக்கம்.

எலெக்ட்ரீஷியன்தான் தலையைச் சொறிந்தார். "பெட்ரூமுக்கு ஒரு போன் பாயிண்ட் போட்டுடலாம் சார்."

"வேண்டாம்."

"இப்பல்லாம் பாத்ரூமுக்கே கேக்கறாங்க சார். காலி பைப்பாவது விட்டு வைக்கிறேன். பின்னாடி செவுத்த உடைக்க வேணாம் பாருங்க."

"உடைக்க மாட்டோம்."

என் மனைவி வாசலில் நின்று சிரித்தாள். "விடுங்கண்ணே. நான் எங்க அக்காகிட்ட பேசிட்டே கெடப்பேன்னு அவருக்குப் பயம்."

பயமில்லை. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா; அதிகம் பேசினால் இளைக்கும். அதோடு, அக்காவிடம் பேசிய நாளெல்லாம் ஏதாவது கேட்பாள். மறுபடி வேலைக்குப் போகட்டுமா, கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வரட்டுமா என்று. ஓய்வு தேவைப்பட்டது. யாருக்கு என்று கேட்பீர்கள். இருவருக்கும்தான்.

அதனால் பகலில், அலுவலகத்திலிருந்தே, என் கைபேசி வழியாக வைஃபையை நிறுத்தி வைத்தேன். லைன் சரியில்லை என்று சொன்னேன். மாலையில் நான் வந்ததும் லைனும் வந்துவிடும். "நீங்க வந்தாதான் அதுக்கும் உயிர் வருது" என்பாள். கேலி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வேலையாட்கள் வரவில்லை. முந்தின நாள் கதவுகளை இழைத்த மரத்தூள் வீட்டில் அடங்காமல் இருந்தது. மீட்டிங்கில் இருந்தபோது, அவளுடைய போன் இணைப்புக்கு முயன்றுகொண்டே இருப்பதாக என் திரை காட்டியது. கூடத்துக் கேமராவைத் திறந்தேன். அதற்குத் தனி வயர். வைஃபை நின்றாலும் ஓடும்.

தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. தெருவுக்குப் போனால் சிக்னல் உண்டு. கூடத்தை அவளால் தாண்ட முடியவில்லை.

நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். இயர்போனில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"எனக்குத் தெரியும்ங்க... நீங்கதான் நிறுத்தறீங்கன்னு... போட்டு விடுங்க... அக்காவக் கூப்பிடணும்... மூச்சு விட முடியலங்க..."

பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. போன மாத விற்பனை பற்றி மேலாளர் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். மறுபடி பார்த்தபோது அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வைஃபையைப் போட்டேன். அவளுடைய போன் உடனே இணைந்தது.

வயரிங்கில் குறை இல்லை. எலெக்ட்ரீஷியனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அலுவலகத்திலிருந்து வீடு நடக்கிற தூரம்தான். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன். அவள் அக்காவைத்தான் கேட்டாள்.