பூஜ்யம் திரும்பும் என்றவருக்கு

குளிரைக் குழந்தைபோல் காத்தவரே, காந்தத்தோடு கடைசிவரை மல்லுக்கு நின்றவரே, தவறிய அளவீட்டைத் தம் தவறென்று ஏற்று, தேறிய அளவீட்டை எங்கள் பெயரில் எழுதிய பெருந்தகையே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஹீலியம் அக்காவே, வணக்கம்.

இப்பெயர் வந்த கதையை இந்த அவை அறியும். கருவிகளைக் குளிரவைக்கும் திரவ ஹீலியக் குடுவையைத் திறந்து வைத்துவிட்டு அரட்டை அடித்த அனைவரும், "மூடிய மூடுப்பா, காத்துக்குக் கொடுக்கவா வாங்கினோம்?" என்று உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே. மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநரும் அதில் அடக்கம்.

மின்தடையைத் துடைத்தெறியும் மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழற்சியோடு இணை இணையாக ஓடும். அதன்மேல் காந்தப் படலம் ஒன்றைப் படியவைத்தால், அது இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்த்து இணையைப் பிரித்துவிடும். படலம் தடிக்கத் தடிக்க மீக்கடத்தல் மங்கும், பிறகு மறையும். மறைந்த இடத்தில் நாங்கள் கடையைக் கட்டினோம். நீங்களோ, "போனது போனதுதான்னு யார் சொன்னா? இன்னும் கொஞ்சம் தடிமனாப் போடுங்க, திரும்பி வரும்" என்றீர்கள்.

வேறு ஆய்வுக்கூடங்களில் அது திரும்பி வந்தது. நம் கூடத்தில் வரவில்லை. ஒரே ஒருமுறை மின்தடை பூஜ்யத்தை நோக்கிச் சரியத் தொடங்கிப் பாதி வழியில் நின்றது. அன்று நீங்கள் திரையைப் பார்த்தபடி நின்ற நிற்பு எங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை. அதையே வெற்றியென எழுதிவிடலாம் என்றோம். "பூஜ்யத்தைப் பார்க்காம எழுத மாட்டேன்" என்று மறுத்துவிட்டீர்கள். அந்த ஏக்கத்தோடு உங்களை அனுப்ப எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் அதட்டல் இல்லாத அறையில் இனி பம்பின் இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

ஆகவே உங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தோம். நீங்கள் சொன்ன தடிமனில், நீங்கள் வற்புறுத்திய அந்தப் பொறுமையான வேகத்தில், புதிய படலத்தைப் படியவைத்து இன்று காலை குடுவையில் இறக்கினோம். இம்மடலை வாசிக்கும் இவ்வேளையில் அது கீழ்த்தளத்தில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. பூஜ்யம் வருமா என்று எங்களுக்குத் தெரியாது.

நோயின்றி நெடுநாள் வாழ்க, நினைத்தது கண்முன் நிகழக் காண்க என வாழ்த்துகிறோம். உங்கள் அடையாள அட்டை இன்றுவரைதான் அந்தக் கதவைத் திறக்கும். தேநீரைப் பிறகு குடிக்கலாம். பூங்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள், அக்கா. திரைக்கு முன்னால் உள்ள உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மாடிப்படியருகே காத்து நிற்கும்
உங்கள் ஆய்வுக்கூடத்தார்