டர்போவில் ஒரு விசில்

இந்த நாற்காலி பரவாயில்லை, ஐயா. முதுகுக்கு இதமாக இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு நிமிர்ந்து உட்காருவதே ஓய்வுதான்.

அந்த வண்டியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? நாலு சக்கரமும் இழுக்கிற ஸ்போர்ட்ஸ் கார், இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ வைத்தது. ஓட்டுகிறவருக்குச் சொர்க்கம், பராமரிக்கிறவனுக்கு ரோதனை. ஒரு டயர் தேய்ந்தாலும் நாலையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரமும் பின்சக்கரமும் பாகப்பிரிவினைக்கு நிற்கிற அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நடுவில் இருக்கிற கியர்ப்பெட்டி வெந்துபோகும். வேகமாக ஓட்டிவிட்டுச் சட்டென்று இஞ்சினை அணைக்கக்கூடாது. டர்போ ஆறும்வரை ஓடவிட வேண்டும். நான் சொன்னதையெல்லாம் அதன் சொந்தக்காரர் ஒன்று விடாமல் செய்தார். காது டாக்டர். நல்ல மனிதர்.

ஒரே தொல்லை, அவருக்கு எப்போதும் ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"அண்ணே, இடது பக்கம் கிர்ருனு ஒரு சத்தம்" என்று வந்து நிற்பார். தேடினால் எங்கோ ஒரு கிளிப் தளர்ந்திருக்கும். அடுத்த வாரம் வேறொன்று. பட்டறையில் என்னோடு வேலை செய்கிற என் தம்பி சலித்துக்கொள்வான்: "ஊர்க் காதையெல்லாம் பாக்குறவரு, தன் காதைக் கொஞ்சம் மூடிவெச்சா நாம நிம்மதியா சாப்பிடலாம்."

எனக்குப் பட்டறையில் 'ஸ்டெதாஸ்கோப்' என்று பெயர். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். பேரிங்கா வால்வா என்று சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கத் தம்பிக்குத் தெரியும். ஆனால் கடைசி வார்த்தை என்னுடையது.

போன மாதம் டாக்டர் வந்தார். "டர்போல மெல்லிசா ஒரு விசில் வருதுண்ணே. மிதிக்க மிதிக்க ஏறுது."

"ஆமாண்ணா, எனக்கும் கேக்குது" என்றான் தம்பி.

ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். இஞ்சின் கேட்டது. விசில் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். "இது கேக்குதாண்ணே?"

"எது?" என்று திரும்பினேன். என் காதுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். தம்பி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அவன் ஓசைப்படாமல் வைத்தானா, எனக்குத்தான் கேட்கவில்லையா என்பது இன்றுவரை தெரியாது.

"வயசானா மெல்லிசு சத்தம்தான் முதல்ல போகும்ணே. சகஜம். கிளினிக் பக்கம் வாங்க, சும்மா பாத்துடலாம்." அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

வீட்டில் மனைவியும் அதே பாட்டுத்தான். "தெருவுக்கே நம்ம டிவியில நியூஸ் வாசிக்கிறீங்களே, கொஞ்சம் குறைங்க." பழைய டிவி, ஐயா. ஸ்பீக்கர் சரியில்லை.

அன்று டாக்டரிடம் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். தம்பி சாமான் வாங்க வெளியே போனதும் டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். நடுத்தண்டு ஆடியது. ஆடக்கூடாத ஆட்டம். அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயும் இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி, ஓடும்போது பழுக்கக் காய்கிற இரும்பு. அங்கே எண்ணெய் சொட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளக் காது தேவையில்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டருக்குக் கேட்டது சரியென்று ஆகும். தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நாளைக்கு அவன் என்னிடம் கேட்காமலே முடிவெடுப்பான். எனக்குக் களைப்பாக இருந்தது, ஐயா. கசிவைத் துணியால் துடைத்தேன். குழாயைப் பூட்டினேன்.

சாயங்காலம் டாக்டர் தன் மனைவியோடு வந்தார். மறுநாள் இரண்டு பேரும் மலைக்குப் போவதாகச் சொன்னார்.

"பாத்தீங்களாண்ணே?"

"முழுசாப் பாத்தேன். ஒண்ணுமில்ல."

"அப்ப என் காதுதான் கெட்டுப்போச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தம்பியின் முகம் தெளிந்தது. எத்தனை நாளாயிற்று அவன் என்னை அப்படிப் பார்த்து.

மறுநாள் மலைப்பாதையிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இப்போதெல்லாம் அப்படிப் போட்டால்தான் பேச்சுப் புரிகிறது.

"அண்ணே, விசில் ஊளையா மாறிடுச்சு. கருகுற வாசனை வேற. நிறுத்திடவா?"

"நிறுத்திடுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றது அவர் மனைவியின் குரல்.

"போனை முன்னால வைங்க சார், நான் கேக்குறேன்" என்றேன். வைத்தார். தம்பி எதிரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். "அண்ணா, நிறுத்தச் சொல்லு. அண்ணா!" நான் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன். இஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

"சூடான ஆயில் வாசனை சார், வேற ஒண்ணுமில்ல. ஏத்தத்துல சட்டுனு அணைச்சா டர்போ போயிடும். மேல போய் ஆறவிடுங்க."

அவர் நான் சொன்னதை மீறாதவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மேலே போய்ச் சேரவில்லை. தீப்பிடித்ததும் டாக்டர் வெளியே வந்துவிட்டார் என்றும், மனைவியை இழுக்கத் திரும்பவும் உள்ளே போனார் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

தண்டு ஆடியது தெரியும். கசிவைத் துடைத்தது நான். ஓட்டச் சொன்னதும் நான். இதற்கெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விசில் என்று தம்பி சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. சின்னப் பையன், பயத்தில் எதையோ கேட்டிருக்கிறான். அப்படி ஒன்று இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.