முதுகில் போடும் படம்

நல்லூரில் டி-சர்ட்டுக்குப் பிரிண்ட் போடும் கடையில் என் முறைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. தையல் வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவையெல்லாம் நூல். ராணுவ உடையில் சிரிக்கும் மகனின் படத்தை நீட்டினார்.

"இத முதுகுல போட்டுருங்க."

கடைக்காரர் தயங்கினார். "சண்டையில உசுர உட்ட உங்க பையன் படமுங்க. நெஞ்சுலதானுங்கம்மா போடோணும். முதுகுன்னா மரியாதையா இருக்குமுங்களா?"

எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

"பட்டாளத்துல சேரோணும்னு எங்கூருப் பசங்க தெனம் காலைல ஓடறாங்க. அவங்களுக்குத்தானுங்க இந்த டி-சர்ட்டு. எம்பையன் ஓடுனா ஒருத்தனும் முந்துனதில்லீங்க. எல்லாரும் அவன் முதுகத்தான் பாத்தாங்க. குண்டு விழுந்தன்னைக்கும், அடிபட்டுக் கெடந்தவனத் தூக்கறதுக்கு மொதல்ல ஓடுனது இவன்தானுங்க. கூட இருந்தவங்க அங்கயும் இவன் முதுகத்தான் பாத்திருக்காங்க."

கடைக்காரர் மேசையில் விரித்திருந்த டி-சர்ட்டைத் திருப்பிப் போட்டார்.

"இனிப் பின்னால ஓடியாற பசங்க எம்பையன் மூஞ்சியப் பாத்துட்டே தொரத்தட்டுமுங்க. முடிஞ்சாப் புடிக்கட்டும்."