நகம் வெட்டுற ஊழியம்

இல்ல தம்பி, காயம்னு பெருசா ஒண்ணுமில்ல. சுண்டுவிரல் ஓரத்துல துளி ரத்தம், அவ்வளவுதான். நான் நகம் வெட்டிவிட்ட அந்தப் பெரியவரே சிரிச்சிட்டாரு. ஆமென் சொல்றதுக்குள்ள வெட்டிட்டியேம்மான்னாரு. புகார் எழுதினது நர்ஸம்மா. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. சபை செயலாளரே வீடு தேடி வர்ற அளவுக்கு என் நகவெட்டி பேர் வாங்கிடுச்சு பாருங்க.

வியாழக்கிழமையானா ஆஸ்பத்திரிக்குப் போவேன். எழுந்திரிக்க முடியாதவங்க வார்டு, இருபது கட்டில். கை நகம் சுலபம், கால் நகம் லேசுல வெட்ட வராது தம்பி, கொம்பாட்டம் இருக்கும். வெந்நீர்ல ஊற வைக்கணும். ஊறுற வரைக்கும் அவங்க எதாவது பேசுவாங்க, நான் கேட்டுக்குவேன். போதகர் ஐயாதான், இது வெறும் ஒத்தாசை, வசனமும் ஜெபமும் இருந்தாத்தான் ஊழியம்னாரு. சரின்னு போன வாரம் ஜெபம் பண்ணிக்கிட்டே வெட்டினேன். ஜெபம்னா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும். வேற என்ன ஆகும் சொல்லுங்க?

படிவமா? கண்ணாடிய எங்க வெச்சேனோ, நீங்களே படிங்க. எத்தனை பேருக்கு சுவிசேஷம் சொன்னேனா? யாருக்கும் இல்ல. எத்தனை பேர் சபைக்கு வந்தாங்களா? நடக்க முடிஞ்சா அவங்க நகத்த அவங்களே வெட்டிக்குவாங்களே தம்பி.

சிரிக்காதீங்க தம்பி. ஊழியம் இல்லன்னு எழுதிட்டா சபை கொடுத்த இந்த அட்டையத் திருப்பிக் கொடுக்கணும், இல்ல? இது கழுத்துல இல்லாட்டி வாசல்லயே நிறுத்திடுவாங்க.

அடுத்தது என்ன, யாருக்காகச் செய்றீங்களா? அதுக்குள்ள கர்த்தருக்காகன்னு போட்டுட்டீங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களா... அத அடிச்சிடுங்க தம்பி. படிவம் அசிங்கமானா ஆகட்டும்.

பதினோராம் கட்டில்ல ஒருத்தன் இருக்கான். வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, இப்போ பேச்சும் இல்ல. பேச்சு இருந்தப்பவே ஆஸ்பத்திரியில எழுதி வெக்கச் சொல்லிட்டான், சொந்தக்காரங்க யாரும் பாக்க வரக்கூடாது, முக்கியமா எங்கம்மா வரக்கூடாதுன்னு. தப்பு என் பிள்ளை மேல இல்ல. அவன் பொண்டாட்டிய அடக்கம் பண்ண அன்னிக்கு, இது கர்த்தர் சித்தம்னு வசனம் சொன்னவ நான். அவன் தோள்ல ஒரு கைய வெச்சிருக்கலாம். தோணல.

அட்டையில ஊழியர்னு மட்டுந்தான் போட்டிருக்கு, பேர் கிடையாது. அவன் ஒருத்தனுக்கு மட்டும் வெட்டினா சந்தேகம் வரும்ல, அதான் இருபது பேருக்கும் வெட்டுறேன். இதுல எது ஊழியம், எது திருட்டுத்தனம்னு எனக்கே பிரிக்கத் தெரியல. அவன் கட்டில்ல மட்டும் வாயத் திறக்குறதில்ல. வசனம் சொல்ற யோக்கியதை எனக்கு அங்க இல்ல.

என்னைக் கண்டா கண்ண இறுக்க மூடிக்குவான். ஆனா வியாழக்கிழமை காலையிலேயே கைய போர்வைக்கு வெளிய எடுத்து வெச்சுக்குறான்னு நர்ஸம்மா சொன்னாங்க.

நாளைக்கு வியாழன் தம்பி. அட்டைய நாளை கழிச்சு வந்து வாங்கிக்குறீங்களா?