மேடைக்கு முன்னால் நனைந்த ரோடு

கவரைப்பேட்டையில் ரயிலேறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். தம்பி சைக்கிள் பந்தய வீரன். வலது கையில் மாவுக்கட்டு. அக்கா கொதித்துக்கொண்டிருந்தாள்.

“மேடையில குந்திகினு இருந்தவங்க மேல தூசி படக்கூடாதுன்னு ரோட்டுல தண்ணி ஊத்திட்டாங்கக்கா. வேகமா வந்த ஏழு பேரும் அங்கதான் வழுக்கி வுழுந்தோம்.”

“அவங்க சட்டைக்கு உன் கையாடா?”

“அவங்களே நடத்துற அடுத்த ரேஸுக்கு ஃபாரம் இது. என்னால எழுத முடியல, நீ கையெழுத்துப் போடு.”

ஃபாரத்தின் கடைசி வரி: ‘விழுந்தால் நானே பொறுப்பு.’ மூன்றே சொற்கள். நான்கு தடவை படித்தாள்.

“இன்னாடா இது?”

“எல்லாரும் போட்டாங்கக்கா.”

‘நானே’வை அடித்து, மேலே ‘தண்ணீர் ஊற்றியவர்களே’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

“ஐயோ, இத எப்படிக்கா குடுப்பேன்?”

“நீ இல்லடா, நான் குடுக்கிறேன். அந்த மேடையிலயே ஏறி.”