காதுல ஒண்ணும் இல்ல மிஸி

செல்வராணி: …கைய ஆட்டாதீங்க அண்ணே. குழாய் நழுவுச்சுன்னா மறுபடியும் குத்தணும்.

ஹேமநாதன்: குத்துங்க மிஸி. முதுகு முழுக்கக் கொக்கி மாட்டிக் காவடி எடுத்தவனுக்கு இந்த ஊசி எல்லாம் ஒரு ஊசியா.

பிரேமலா: ஆரம்பிச்சிட்டாரு. இந்த வார்டுல ஒரு நர்ஸ் மிஸி பாக்கி இல்ல, எல்லார்கிட்டயும் இதே கதைதான்.

செல்வராணி: பேசட்டும் அக்கா. லாபிஸ்லேர்ந்து தினமும் சிகாமட் ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டிக்கிட்டு உட்காரணும். புருசனும் பொண்டாட்டியும் சும்மா மூஞ்சிய பார்த்துக்கிட்டா இருப்பீங்க… சரிண்ணே, வழக்கமா கேக்கிறதுதான். காது எப்படி இருக்கு?

ஹேமநாதன்: காதுல ஒண்ணும் இல்ல மிஸி.

செல்வராணி: இரைச்சல்? அடைச்ச மாதிரி?

ஹேமநாதன்: ஒண்ணும் இல்ல.

செல்வராணி: எழுந்து நடக்கிறப்ப தள்ளாடுதா?

ஹேமநாதன்: தள்ளாடுற சரக்கை எல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சே.

பிரேமலா: கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுங்க.

ஹேமநாதன்: சொல்லிட்டேன்லா. முள்ளு குத்தினது கால்ல. இவங்க தினமும் காதையே கேட்டுக்கிட்டு இருக்காங்க.

செல்வராணி: கால் என் கண்ணுக்குத் தெரியுதுண்ணே. கட்டைப் பிரிச்சேன், சீழ் நின்னிருக்கு, வீக்கம் வத்தியிருக்கு. காதுக்குள்ள நடக்கிறது நீங்க சொன்னாதான் எனக்குத் தெரியும்.

ஹேமநாதன்: செம்பனை முள்ளு இவ்வளவு வேலை வைக்கும்னு யாருக்குத் தெரியும்.

பிரேமலா: குத்தின அன்னிக்கே வந்திருந்தா வச்சிருக்காது மிஸி. மஞ்சளை அரைச்சு அப்பிக்கிட்டு மறுநாளே தோட்டத்துக்குச் செம்பனைப் பழக்குலை வெட்டப் போயிட்டாரு. கிருமி எலும்பு வரைக்கும் போனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு.

செல்வராணி: அதான் அண்ணே இந்தப் பலமான ஊசியைக் கொடுத்தோம். மத்த மருந்துக்கு மசியாத கிருமி. ஆனா இது கிருமியை மட்டும் அடிக்காது. அசந்தா கிட்னியையும் காதையும் சேர்த்து அடிச்சிரும். அதுக்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறோம்… காலையில எடுத்ததுக்கு ரிசல்ட் வந்திருச்சு.

ஹேமநாதன்: பாஸா?

செல்வராணி: கிட்னி நம்பர் ஏறியிருக்கு.

பிரேமலா: முருகா…

ஹேமநாதன்: மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்.

செல்வராணி: மெஷின் மேல பழி போடாதீங்க. ஒண்ணுக்கு எப்படிப் போகுது? கம்மியா, மஞ்சளா?

ஹேமநாதன்: பொம்பளைங்க முன்னால இதையெல்லாம்…

செல்வராணி: நான் மிஸி, அவங்க உங்க பொண்டாட்டி. சொல்லுங்க.

ஹேமநாதன்: கம்மிதான்.

செல்வராணி: டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணி குடிக்கிறீங்களா?

பிரேமலா: குடிக்கிறாரு மிஸி. பெரிய பாட்டில்ல ரொப்பி வச்சிட்டுத்தான் நான் வேலைக்குப் போறேன். வந்து பார்த்தா காலியா இருக்கும்.

செல்வராணி: காலியாகுது, சரி. யாரு குடிக்கிறா?

பிரேமலா: ஏங்க.

ஹேமநாதன்: கறிவேப்பிலைச் செடி.

பிரேமலா: அலமாக்… அதான் அது அப்படித் தளதளன்னு நிக்குதா? எங்க வீட்டு மண்ணு நல்ல மண்ணுன்னு பக்கத்து வீட்ல பெருமை அடிச்சிட்டு வந்தேனே.

செல்வராணி: ஏன்ணே இப்படிப் பண்றீங்க?

ஹேமநாதன்: விரதம்.

பிரேமலா: என்ன விரதம்? தைப்பூசம் எங்கயோ கிடக்கு.

ஹேமநாதன்: கால் பொழைச்சதுன்னா இந்தத் தடவையும் காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். கேட்டது பெரிசு இல்லியா, அதான் இப்பவே ஆரம்பிச்சிட்டேன். ஒரு வேளை சோறு, தண்ணி கம்மி.

பிரேமலா: அப்ப நான் மத்தியானத்துக்கு மூடி வைக்கிற சோறு?

ஹேமநாதன்: அதைக் கேக்காத. பூனைங்க பாவம்.

செல்வராணி: வலி மாத்திரை ஏதும் கடையில வாங்கிப் போட்டீங்களா? நாட்டு மருந்து, மலாய்க்காரங்க ஜாமு, கசாயம்? சிரிக்காதீங்க, இந்த ஊசியோட அதெல்லாம் சேர்ந்தா கிட்னி தாங்காது.

ஹேமநாதன்: போடல மிஸி, சத்தியமா. விரதத்துல இருக்கிறவன் வலின்னே சொல்லக் கூடாது, அப்புறம் எங்க மாத்திரை? அலகு குத்துறப்ப அம்மான்னு ஒரு சத்தம் வந்தாப் போச்சு, விரதம் கெட்டுருச்சு. எங்க வீட்ல அப்படித்தான்.

செல்வராணி: என் தம்பியும் ரெங்கம் கோயில்ல காவடி எடுக்கிறவன்தான், எனக்கும் தெரியும். அலகுக்கு வாயை மூடுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா இது சாமி காரியம் இல்லண்ணே, மருந்து. வலிக்குதுன்னா, தலை சுத்துதுன்னா உடனே சொல்லணும். உங்க பொறுமையை வச்சு நாங்க என்ன பண்றது?

பிரேமலா: நான் கீழ போயி பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கிட்டு வரேன். என் கண்ணு முன்னால குடிக்கணும், ஆமா.

ஹேமநாதன்: …கோவமாப் போறா.

செல்வராணி: கோவம் இல்லண்ணே. பயம்.

ஹேமநாதன்: மிஸி… சும்மா ஒண்ணு கேக்கிறேன். எனக்கில்ல.

செல்வராணி: வேற யாருக்கோ.

ஹேமநாதன்: ஆமா, யாருக்கோ. காதுல சில்வண்டு கத்துற மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொன்னா என்ன பண்ணுவீங்க?

செல்வராணி: டாக்டர்கிட்ட சொல்லுவேன். ஊசியை நிறுத்தி வச்சிட்டு காதை டெஸ்ட் பண்ணச் சொல்லுவாரு.

ஹேமநாதன்: பார்த்தீங்களா. நிறுத்திருவீங்க.

செல்வராணி: நிறுத்தினா என்ன?

ஹேமநாதன்: மேல வார்டுல படுத்திருந்தேன்ல, அப்ப பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனப் பெரியவரு. மருந்தை நிறுத்திட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அடுத்து நான் பார்க்கிறப்ப அவருக்கு முட்டிக்குக் கீழ கால் இல்ல மிஸி. போர்வை தட்டையாக் கிடந்துச்சு.

செல்வராணி: ஓ… அதுவா?

ஹேமநாதன்: அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

செல்வராணி: அவரைப் பத்தி நான் உங்ககிட்ட பேசக் கூடாதுண்ணே. உங்க காலைப் பத்திப் பேசறேன். உங்களுக்குக் கால்ல ரத்தம் நல்லா ஓடுது, புண்ணு ஆறிக்கிட்டு வருது. இந்த ஊசி ஒத்துக்கலைன்னா மாத்து மருந்து இருக்கு. உங்க கால்லேர்ந்து எடுத்த அதே கிருமி மேல போட்டுப் பார்த்து, அதுக்கும் கேக்கும்னு லேப்லேர்ந்து எழுதி வந்திருக்கு.

ஹேமநாதன்: மாத்து இருக்கா?

செல்வராணி: இருக்கு.

ஹேமநாதன்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.

செல்வராணி: முதல் நாளே சொன்னோம். நீங்க காவடி கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க.

ஹேமநாதன்: அப்ப கால் மேலதான் நினைப்பு மிஸி.

செல்வராணி: அண்ணே, கால் ஆறிடுச்சுன்னு நீங்களா ஊசியை நிறுத்தக் கூடாது. அதே மாதிரி, காது கெடுறது தெரிஞ்சும் நீங்களா ஊசியை ஓட்டவும் கூடாது. போன காது திரும்பி வராமலே போயிடலாம். லேசா இருக்கிறப்பவே பிடிக்கணும். அந்த யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லுங்க.

பிரேமலா: இந்தாங்க தண்ணி… என்ன, நான் வந்ததும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டீங்க?

ஹேமநாதன்: பிரேமா, இப்படி வா. இந்தப் பக்கம் இல்ல, வலது பக்கம் உட்காரு.

பிரேமலா: ஏன்?

ஹேமநாதன்: இடது காதுல சில்வண்டு கத்துது. போன வாரத்துலேர்ந்து. அந்தப் பக்கம் நீ பேசுறது பாதி விழல.

பிரேமலா: ஏன் சொல்லல?

ஹேமநாதன்: சொன்னா ஊசியை நிறுத்திருவாங்க, கால் போயிரும்னு பயந்துட்டேன்டி. ஒத்தைக் காலை வச்சிக்கிட்டு தோட்டத்துல நான் எந்த மரத்துக்கிட்ட போயி நிக்கிறது? நீ வேலைக்கும் போயி என்னையும் தூக்கிச் சுமக்கணுமா? காது ஒண்ணு போனாப் போகட்டும்னு நினைச்சிட்டேன்.

பிரேமலா: நினைப்பீங்க.

ஹேமநாதன்: மிஸி, இதைக் கழட்டுங்க. இப்பவே நிறுத்துங்க.

செல்வராணி: கழட்ட வேணாம்ணே. ஓடட்டும்.

ஹேமநாதன்: என்ன ஓடட்டும்? காதை அடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?

செல்வராணி: அக்கா… நீங்களே சொல்லிருங்க.

பிரேமலா: உங்க கையில ஓடுறது வெறும் உப்புத் தண்ணிங்க. இடது பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்லன்னு காலையிலயே நான் மிஸிக்குப் போன் பண்ணிட்டேன். டாக்டர் அந்த ஊசியை அப்பவே நிறுத்திட்டாரு. காது டெஸ்டுக்கும் சொல்லியாச்சு. சீக்கிரம் தெரிஞ்சதால மேற்கொண்டு மோசமாகாம பார்த்துக்கலாம்னு நம்பிக்கையாத்தான் சொன்னாராம். மாத்து மருந்து இன்னிக்கே ஏத்துறாங்க, கால் எங்கயும் போகாது. அந்த மருந்துக்கும் தினமும் இப்படிக் கேள்வி கேப்பாங்க, எல்லாத்துக்கும் நான் பக்கத்துல நின்னு பதில் சொல்ல முடியாது, அதான் உங்க வாயால வரட்டும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம். உங்களைக் கட்டிக்கிட்டு இத்தனை வருசத்துல நோகுதுன்னு என்கிட்ட நீங்க சொன்னது இன்னிக்குத்தான்… குடிங்க, நான் பாட்டிலைப் பிடிச்சுக்கிறேன்.