வீட்டுக்காரருக்குக் காவல்

காலை ரயிலில் ஊரிகத்தில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் கொட்டாவி விட்டபடி சொன்னாள்:

“வீட்டுக்காரரு தூங்கணும்னா நான் காவல் நிக்கணும்க்கா.”

“மிலிட்டரிக்காரருக்கு நீ காவலா?”

“லீவுல வந்து பத்து நாளாச்சு. அங்க ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் முழிச்சினு இருப்பாங்களாம். இங்கயும் யாராவது முழிச்சினு இருந்தாதான் கண்ணை மூடுவேன்றாரு.”

“டாக்டர்கிட்ட காட்டலியா?”

“மாத்திரை குடுத்தாரு. அத முழுங்கறதுக்கு முன்னாடி, ‘இப்ப யாரு டியூட்டி’ன்னு கேக்குறாரு.”

“இப்ப யாரு, உன் மாமியாரா?”

“அவங்க டியூட்டியில குறட்டை விட்டு மாட்டிக்கினாங்க. அன்னியோட அவங்கள எடுத்துட்டாரு.”

அவள் போன் அடித்தது.

“முழிச்சினுதான் கீறேங்க. யாரும் வரல. தூங்குங்க.”

“ரயில்ல உக்காந்துனு எந்த வாசலைடி பார்க்கிற?”

“எங்க இருந்தா இன்னாக்கா? நான் முழிச்சினு கீறேன்னு தெரிஞ்சா அவருக்குப் போதும். திடுக்குனு எழுந்தா திரும்ப போன் அடிப்பாரு.”

பங்காருபேட்டை தாண்டியதும் அவள் போனை அக்காவின் மடியில் வைத்தாள். “செகண்ட் ஷிப்ட் நீ பாருக்கா.” சொன்ன வேகத்திலேயே அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மாலூரில் போன் அடித்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

“அவ ஷிப்ட் முடிஞ்சிச்சுப்பா. இப்ப நான் முழிச்சினு கீறேன். நீ தூங்கு.”

அப்புறம் ஒயிட்ஃபீல்டு வரை அது அடிக்கவேயில்லை. நடுவில் டீ விற்றுக்கொண்டு வந்தவரைத்தான் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து அதட்டினாள்:

“யாருப்பா அது?”